மலைப் பிள்ளைகள் ஓவியராக முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். பிழைப்புக்கு போர்டு எழுதுகிறேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அது குறைந்துபோய், இப்போது பள்ளிச் சுவர், அங்கன்வாடிச் சுவர் என்று ஓடுகிறது. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளைகள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே நிற்கும் பெற்றோர் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள், பின்னால் வருவது முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜ்ல சேர்த்துவிட்டா படம் வரையச் சொல்லித் தருவாங்களா சார்?

மாட்டார்கள். வருடத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள், அதனால்தான் முதலில் வைத்தேன். 1955இல் தொடங்கிய ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் இருப்பது பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். மாதிரியான படிப்புகள். பெயரில் 'கலை' இருந்தாலும் தூரிகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் தேட வேண்டிய சொல் 'கவின் கலைக் கல்லூரி'.

நீலகிரியில் அரசு கவின் கலைக் கல்லூரி கிடையாது. சென்னையில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று. சென்னைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தது. பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டம் நான்கு வருடப் படிப்பு. ஓவியம், சிற்பம் தவிர அச்சுக்கலை, பீங்கான், துணி வடிவமைப்பு, விளம்பரத்துறைக்குப் போகிற விஷுவல் கம்யூனிகேஷன் எல்லாம் உண்டு. கோயில் சிற்பம் கற்க வேண்டுமென்றால் 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் கல்லூரி இருக்கிறது. மதிப்பெண் மட்டும் போதாது, சேர்க்கைக்கு வரைந்தும் காட்ட வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது கை பழக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் என்னிடம் ஓடி வந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

அங்க படிக்க எவ்வளவு செலவாகும்? எங்களால முடியுமா?

கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அரசுக் கல்லூரி என்பதால், தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் தாலுகா ஆபீஸில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

செலவு இருப்பது வேறு இடத்தில். வண்ணம், காகிதம், கேன்வாஸ், ப்ரேம், சாப்பாடு, மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்வருகிற செலவு. இதெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். அந்த நாலு வருடமும் பையன் சம்பாதிக்க மாட்டான். அவன் வயதுப் பக்கத்து வீட்டுப் பையன் திருப்பூருக்குப் போய் மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருப்பான். தீபாவளிக்கு இரண்டு பேரும் ஊருக்கு வரும்போது லைனில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், யார் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். படிப்பு முடிந்த பிறகும் படம் விற்று வாழ ஐந்தாறு வருடம் பிடிக்கும். யாருக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடிகிறதோ அவருக்குத்தான் இந்தத் தொழில் கூலி கொடுக்கிறது. கீழே நான் சொல்லப்போவதில் பாதி இந்த ஒரு விஷயம்தான்.

திறமை இருந்தா எங்க இருந்தாலும் மேல வந்துடுவான், இல்லையா மாஸ்டர்?

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 2018இல் சயன்ஸ் என்ற அறிவியல் இதழில் ஒரு ஆய்வு வந்தது. உலகம் முழுக்க ஏறக்குறைய 5 லட்சம் ஓவியர்கள் 1980 முதல் 2016 வரை எங்கெங்கே கண்காட்சி வைத்தார்கள் என்ற தகவலை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் ஐந்து கண்காட்சி பெரிய பெயர் உள்ள கேலரி (படங்களை மாட்டிக் காட்டி விற்கும் கூடம்), அருங்காட்சியகங்களில் அமைந்தவர்களில் 100க்கு 39 பேர் பத்து வருடம் கழித்தும் களத்தில் இருந்தார்கள். சின்ன இடங்களில் தொடங்கியவர்களில் 14 பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் காட்சி வைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? ஒரு பாட்டைக் கேட்டதும் நல்ல பாட்டு என்று தெருவே சொல்லிவிடும். ஓவியத்துக்கு அப்படி ஒரு தெரு இல்லை. ஒரு படம் நல்ல படமா என்பதை, அது எந்தச் சுவரில் தொங்குகிறது, யார் வாங்கினார்கள், யார் எழுதினார்கள் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். நல்ல சுவர் கிடைக்க அந்தச் சுவருக்குச் சொந்தக்காரரைத் தெரிந்திருக்க வேண்டும். அவரைத் தெரிந்துகொள்ள அவர் இருக்கிற ஊரில், அவர் வருகிற இடத்தில் நாமும் இருக்க வேண்டும். அங்கே இருக்க வாடகை கொடுக்க வேண்டும். சுற்றிச் சுற்றி முந்தின பதிலுக்கே வந்துவிட்டோம், பாருங்கள்.

இது நம் ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. பிரிட்டனில் 2018இல் வந்த ஒரு அறிக்கைப்படி, இசை, மேடை, ஓவியம் சேர்ந்த துறையில் வேலை செய்கிறவர்களில் தொழிலாளர் வீட்டிலிருந்து வந்தவர்கள் 18 சதவீதம்தான். நாட்டில் அவர்கள் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதே அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம் வேறு: 'இந்தத் துறையில் திறமைக்குத்தான் மதிப்பு' என்று மிக உறுதியாகச் சொன்னவர்கள், அதிகம் சம்பாதிக்கிறவர்கள்.

அப்போ நம்மள மாதிரி வீட்டுல இருந்து யாருமே வரலயா?

வந்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், தந்தை இறந்ததும் குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனவர். 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1957இல் அதே இடத்துக்கு முதல்வரானார்.

அவர் செய்ததில் நமக்கு மிகவும் உபயோகமானது சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம். நவீன ஓவியத்தை அப்போது வாங்க ஆளில்லை. மாணவர்கள் படித்து முடித்து ஏதாவது ஆபீஸ் வேலைக்குப் போய் வரைவதை விட்டுவிடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சேர்ந்து, மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966இல் ஓவியர் கிராமம் அமைத்தார்கள். பகலில் பாத்திக், மிச்ச நேரத்தில் ஓவியம். காத்திருக்கிற செலவை ஒருத்தர் தலையில் போடாமல் பிரித்துக்கொண்டார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நடிகர் சிவகுமாரையும் சொல்வார்கள். சூலூர் பக்கம் காசிகவுண்டன்புதூர்க்காரர், சென்னைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். இயக்குநர் பா. ரஞ்சித்தும் அதே கல்லூரிதான். இரண்டு பேருக்கும் வீட்டில் சோறு போட்டது சினிமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கேலரிக்குள்ள போகவே கூச்சமா இருக்கு. டிக்கெட் எடுக்கணுமா, செருப்பைக் கழட்டணுமா?

பெரும்பாலான கேலரிகளில் டிக்கெட் கிடையாது, செருப்பும் கழற்ற வேண்டாம். எதுவும் வாங்க வேண்டியதில்லை. படத்தைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். நமக்குக் கிட்டத்தில் கோவை அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. சென்னை போனால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம்.

முதல் தடவை பத்து பிள்ளைகளைக் கோவைக்குக் கூட்டிப்போனபோது எல்லோரும் வாசலிலேயே செருப்பை வரிசையாக விட்டுவிட்டார்கள். வாட்ச்மேன் சிரித்தார். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே போனார்கள். கூச்சம் அப்படித்தான் போகும். தனியாக அனுப்பாதீர்கள், கூட்டமாக அனுப்புங்கள்.

இங்கிலீஷ் பேசத் தெரியாம முடியுமா?

வரைய முடியும். விண்ணப்பம் போட, படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர, திறப்பு விழாவில் கையில் டீ கப்போடு நின்று பேச இங்கிலீஷ் கேட்கிறார்கள். உண்மையில் அவர்கள் எடை போடுவது மொழியை மட்டுமில்லை. தயங்காமல் தன் படத்தைப் பற்றிப் பேசுகிற பழக்கத்தையும் பார்க்கிறார்கள். இங்கே மலையிலேயே பெரிய போர்டிங் பள்ளிகளில் ஓவியத்துக்குத் தனி ஸ்டுடியோ இருக்கிறது, வரைந்ததை வகுப்பு முன்னால் நின்று விளக்கச் சொல்கிறார்கள். நம் பள்ளியில் டிராயிங் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். அந்தப் பிள்ளை பத்து வருடம் பேசிப் பழகிவிட்டு வருகிறது, நம் பிள்ளை 'சும்மா வரைஞ்சேன்' என்று தலையைக் குனிந்துகொள்கிறது.

என் வகுப்பில் மாதக் கடைசி ஞாயிறு யாரும் வரைவதில்லை. ஆளுக்கு மூன்று நிமிடம் தன் படத்தைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்துவிட்டால், அதை இங்கிலீஷில் மாற்றித் தர ஆளைப் பிடித்துவிடலாம். தமிழிலேயே சொல்ல ஒன்றும் இல்லையென்றால் யார் மாற்றித் தந்தும் பயனில்லை.

கலர் வாங்கியே காசு போகுது. குறைச்சலா செய்ய வழி இருக்கா?

இருக்கிறது. முதல் இரண்டு வருடம் பென்சில், கரி, இந்தியன் இங்க் போதும். கோடு சரியாக வந்துவிட்டால் வண்ணம் பின்னால் வரும். அப்புறம் மலைக்கென்று சில தனிச் செலவுகள் உண்டு. ஜூனில் மழை பிடித்தால் டிசம்பர் வரைக்கும் ஈரம்தான். ஆயில் பெயின்ட் காயவே காயாது, காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். சீக்கிரம் காய்கிற அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறுங்கள். காகிதங்களை மூட்டையாகக் கட்டாமல் அடுப்படிப் பக்கச் சுவரில், தரையில் படாமல் வையுங்கள். ஆனால் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், புகை ஏறிவிடும். கண்ணாடி போட்டு ப்ரேம் பண்ணி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி முழுசாகப் போய்ச் சேராது. சுருட்டிக் குழாயில் போட்டுக் கொண்டுபோய்க் கீழே ப்ரேம் செய்துகொள்ளுங்கள்.

என் பையன் போட்டோ மாதிரியே தத்ரூபமா வரையறான். ஆனா போட்டிக்கு அனுப்பினா எடுக்க மாட்டேங்கறாங்க. கிறுக்கின மாதிரி இருக்கறதுக்குப் பரிசு. இது என்ன நியாயம்?

இந்தக் கோபம் எனக்கு நன்றாகப் புரியும். உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு பொருளில் உழைப்பைத் தேடுவார்கள். ஒவ்வொரு முடியையும் தனித்தனியாக வரைந்திருந்தால், அடடா, எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான் என்று நமக்குத் தெரிகிறது. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் புகைப்படம் செய்யும் வேலையை ஓவியம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டுப் பழகியவர்கள். அவர்கள் பார்ப்பது யோசனையை. பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னார்: ரசனை பிறவியில் வருவதில்லை, அதையும் வீடு, நிலம் மாதிரி குடும்பத்திலிருந்து சொத்தாக வாங்கிக்கொள்கிறோம். எந்தப் படத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்று சின்ன வயதிலேயே வீட்டில் கற்றுக்கொண்டவர்களுக்கு, அது கற்றுக்கொண்டதென்றே தெரியாது.

அதனால் உங்கள் பையன் படம் மோசம் என்று ஆகிவிடாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் வரைவதெல்லாம் நெட்டில் எடுத்த நடிகர் படம், சிங்கத்தின் முகம். உங்கள் வீட்டில் கொழுந்துப் பை மாட்டுகிற ஆணியை அவன் இதுவரை வரைந்ததில்லை. நீங்கள் மழைக்கு இடுப்பில் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் தாளை வரைந்ததில்லை. அவனிடம் இருக்கிற கைக்கு அதை வரைந்தால் தேர்வுக் குழுவும் நின்று பார்க்கும். அதே சமயம் 'ஏழை படம்' வரைந்தால் விற்கும் என்று கணக்குப் போட்டு வரைவதும் எனக்குப் பிடிக்காது. அம்மாவின் வெடித்த விரலை விலைக்காக வரைந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

ரிசார்ட்ல சுவர் பூரா வரையச் சொல்றாங்க. காசு இல்ல, சாப்பாடு தங்கல் ஃப்ரீ, பேர் கிடைக்கும்ங்கறாங்க. போகலாமா?

போகாதீர்கள். நான் போயிருக்கிறேன். ஒன்பது நாள், நாற்பது அடிச் சுவர், நீலக்குறிஞ்சி, வரையாடு, மலை ரயில் எல்லாம். மூலையில் என் பெயர் எழுதியிருந்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த மூலையில் ஏசி அவுட்டோர் யூனிட் மாட்டியிருந்தார்கள்.

இலவசமாக வேலை செய்து 'பேர்' வாங்குவது வீட்டில் வேறு வருமானம் உள்ளவர்களுக்குக் கட்டுப்படியாகும். நமக்குக் கட்டாது. குறைந்தபட்சம் ஒரு கொத்தனாரின் நாள் கூலி, அதற்கு மேல் வண்ணச் செலவு, பாதிப் பணம் முன்பணம். இதற்குக் கீழே வராதீர்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், 'எங்க மாஸ்டர் திட்டுவார்' என்று.

காசு குடுத்து வரையச் சொன்னவர் அந்தப் படத்தை டீ பாக்கெட்ல அச்சடிச்சுட்டார். கேக்க முடியுமா?

இங்கே சட்டம் கொஞ்சம் சிக்கல். படத்தை வாங்குவது வேறு, அதன் காப்புரிமையை வாங்குவது வேறு. நீங்களாக வரைந்து வைத்திருந்த படத்தை ஒருவர் வாங்கினால் அவருக்குப் படம்தான் சொந்தம். அச்சடிக்கும் உரிமை உங்களிடமே இருக்கும், உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருடமும். ஆனால் அவர் கேட்டு, அவர் பணம் கொடுத்து, அவருக்காக வரைந்த படம் என்றால், 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்புரிமையின் முதல் உரிமையாளர் அவர்தான். அதனால் ஆர்டர் எடுக்கும்போதே ஒரு தாளில் 'காப்புரிமை ஓவியருக்கே' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கி வைப்பதும் ஒன்றும் இல்லாததற்கு மேல்.

காப்புரிமையை எழுதிக் கொடுக்கச் சொன்னால், எத்தனை வருடத்துக்கு என்று போடச் சொல்லுங்கள். எதுவும் போடாவிட்டால் 5 வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. 53ஏ என்று இன்னொரு பிரிவும் உண்டு: உங்கள் மூலப் படம் பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், விலையில் 10 சதவீதத்துக்கு மிகாமல் உங்களுக்குப் பங்கு. சட்டத்தில் இருக்கிறது, என் கையில் இன்னும் வந்து சேரவில்லை.

கேலரிக்காரர் பாதி எடுத்துக்கறாராமே?

30 முதல் 50 சதவீதம் வரை கேட்பது வழக்கம். வாடகை, விளக்கு, கேட்லாக், வாங்குகிற ஆட்களின் தொடர்பு எல்லாம் அவருடையது. அது தவறில்லை. முன்கூட்டியே உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு சுவர் தருகிறவர்தான் ஜாக்கிரதைப்பட வேண்டிய ஆள். படம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர் கல்லா நிறைந்துவிட்டது.

தோடர் எம்பிராய்டரி, குறும்பர் ஓவியம் எல்லாம் கைவினைன்னு ஸ்டால்ல விக்கறாங்க. கேன்வாஸ்ல வரைஞ்சா மட்டும் ஆர்ட்டா?

நல்ல கேள்வி, கேட்டது ஒரு பதினைந்து வயதுப் பெண். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழை எண்ணி சிவப்பும் கருப்பும் வைத்துப் போடும் பூ வேலையை எந்தக் கேன்வாஸுக்கும் கீழே வைக்க மாட்டேன். வெள்ளரிக்கோம்பை ஆலு குறும்பர்கள் வேங்கைப் பிசினைக் கொண்டு வரைகிறார்கள். கோடு அவ்வளவு சிக்கனம். ஆனால் இவற்றை ஊட்டி சீசன் ஸ்டாலில் பேரம் பேசி வாங்குகிறார்கள், கேன்வாஸைப் பேரம் பேசாமல் வாங்குகிறார்கள். இவற்றில் செய்தவர் பெயர் இல்லை, 'பழங்குடிக் கலை' என்ற பெயர்தான் இருக்கிறது. கைவினை, கலை என்ற பிரிவில் எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் இதுதான்: யாருக்குத் தனிப்பெயர் உண்டு, யாருக்கு இல்லை.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியாட்கள் அந்தப் பெயரில் விற்பதைத் தடுக்க அது உதவும். ஆனால் அது சமூகத்துக்கான பாதுகாப்பு, ஒரு தனிப் பெண்ணின் பெயரை மேலே கொண்டுவராது. அப்புறம், நம் பிள்ளைகள் குறும்பர் பாணியைப் பார்த்து வரைந்து விற்கலாமா என்றும் கேட்கிறார்கள். பழகிப் பார்க்கலாம். விற்பது வேண்டாம். டீ பாக்கெட்காரரைப் பற்றி மேலே கோபப்பட்டோம் அல்லவா?

பொண்ணை அனுப்பலாமா?

அனுப்பலாம். கல்லூரியில் பயமில்லை. சிக்கல் அதற்குப் பிறகு. கண்காட்சித் திறப்பெல்லாம் மாலை ஆறரை மணிக்கு. அறிமுகம் எல்லாம் அங்கேதான் நடக்கிறது. கோவையில் ஆறரைக்கு நின்றால் கோத்தகிரிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. அங்கே தங்க ஒரு அத்தை வீடு இருந்தால் அவளுக்கு அறிமுகம் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஆகவே அத்தை வீட்டோடு சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகிவிடுங்கள்.

டிராயிங் மாஸ்டர் வேலையாவது கிடைக்குமா அண்ணா?

அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை எல்லாம் சேர்த்து 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பிறகு சம்பளம் ஏறி 2024இல் 12,500 ஆனது. அதை நம்பி யாரையும் அனுப்ப மாட்டேன். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தில் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு இரண்டு வருட உதவித்தொகை ஒன்று உண்டு, மாதம் 5,000. எண்ணிக்கை குறைவு, ஆனாலும் விண்ணப்பியுங்கள். விளம்பரம், அனிமேஷன், சினிமா கலை இயக்கம், துணி வடிவமைப்பு இவற்றில் வேலை இருக்கிறது. பணிக்கர் ஆட்கள் பாத்திக் போட்டது மாதிரி இதையும் ஒரு பாத்திக்காக எடுத்துக்கொள்ளலாம்.

கோவிச்சுக்காதீங்க. நீங்க ஏன் சார் பெரிய ஆளா வரல?

கோபமில்லை. படித்து முடித்து பதினாலு மாதம் சென்னையில் இருந்தேன். திருவல்லிக்கேணியில் ஒரு அறையில் நாலு பேர். ஒரு குழுக் கண்காட்சியில் என் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேலரிக்காரர், இதே மாதிரி பெரிய அளவில் ஐந்து செய்துகொண்டு வா, ஆறு மாதம் நேரம் என்றார். மூன்றாம் மாதம் அப்பா எஸ்டேட்டில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாடகை வீடு பார்க்க, அட்வான்ஸ் கொடுக்க, தங்கையின் படிப்பு என்று நான் மலைக்கே திரும்பி வந்துவிட்டேன். வந்த முதல் வாரமே ஒரு பேக்கரிக்கு போர்டு எழுதினேன்.

அறையில் இருந்த நாலு பேரில் ஒருவனுக்கு அண்ணா நகரில் சொந்த வீடு இருந்தது. சும்மா எங்களோடு இருக்கப் பிடித்துத்தான் வந்து கிடந்தான். அவன் ஏழு வருடம் ஒன்றும் விற்காமல் வரைந்தான், எட்டாம் வருடம் விற்றது. கோடு என்னுடையது நன்றாக இருக்கும், வண்ணம் அவனுடையது. இப்போதும் சீசனுக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்குவான்.

கேலரிக்காரர் கேட்ட ஐந்தில் அப்போது இரண்டு முடித்திருந்தேன். ஒன்று பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, இன்னொன்று வகுப்பில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கலாம். மூன்றாவதைப் போன மாதம் ஆரம்பித்திருக்கிறேன், அக்ரிலிக்கில்.